மெர்சி மாற்றிச் சொன்னது

ஆம்பூரில் அந்த ஷூ கம்பெனிக்கு வரும் வெளிநாட்டுக்காரர்கள் என்ன சொன்னார்கள் என்பது மெர்சி வாயிலிருந்து வந்தால்தான் தையல் லைனில் இருப்பவர்களுக்குத் தெரியும். இத்தாலியிலிருந்து ஷூ வாங்க வரும் பையர் ஒரு சாம்பிளைத் தூக்கி மேஜைமேல் எறிந்து, இதை எந்த மடையன் தைத்தான் என்று கத்துவார். மெர்சி சூப்பர்வைசர் முஸம்மில் பக்கம் திரும்பி, "தையல் கொஞ்சம் கோணலா தெரியுதாம்ண்ணா, இன்னொரு தபா பாக்கலாமான்னு கேக்கறாரு" என்பாள். "அவ்ளோதானா? இதுக்கா இந்தக் கத்து கத்தறான்?" என்பார் முஸம்மில். மெர்சி பையர் பக்கம் திரும்பி, வருத்தப்படுகிறார்கள், நாளைக்குள் சரி செய்துவிடுவார்கள் என்று இங்கிலீஷில் சொல்வாள். இரண்டு பக்கமும் சமாதானம். ஆர்டர் கைவிட்டுப் போகாது. மெர்சி வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து இப்படித்தான் நடக்கிறது. இதைப் பொய் என்று யாரும் சொன்னதில்லை. அவளுக்கும் தோன்றியதில்லை.

அந்த இங்கிலீஷுக்காகத்தான் சபையிலும் அவளைக் கூப்பிட்டார்கள். கன்வென்ஷனுக்கு வெளியூர் பிரசங்கியார் யார் வந்தாலும் பக்கத்தில் இன்னொரு மைக்கைப் பிடித்துக்கொண்டு மெர்சி நிற்பாள். இந்த வருஷம் மும்பையிலிருந்து பிரதர் ஆல்வின் வந்திருந்தார். ரிட்டயர்டு இன்ஜினியர். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. மூன்று நாள் கூட்டம், ஆதியாகமம் முதல் அதிகாரம்தான் பொருள். பாஸ்டர் தனராஜ் ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டியிருந்தார்: உலகம் உண்டானது எப்படி?

போஸ்டரைப் பார்த்த நாளிலிருந்தே மெர்சிக்கு இந்தக் கூட்டம் வேண்டாம் என்றிருந்தது. பூமிக்கு எத்தனை வயது என்று அவள் தனக்குள்கூட முடிவு செய்துகொண்டதில்லை. பள்ளிக்கூடப் பரீட்சையில் கோடிக்கணக்கான வருஷம் என்று எழுதி மார்க் வாங்கினாள். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு ஆறு நாள் என்று சொல்லி படம் வரைய வைத்தாள். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாதபடி அவள் பார்த்துக்கொண்டாள். ஆனால் அவள் அண்ணன் கோபி அப்படியில்லை.

கோபி பிறந்தபோது வீட்டுச் சுவரில் மாரியம்மன் படம் இருந்தது. மெர்சி பிறப்பதற்குள் அப்பா ஞானஸ்நானம் எடுத்துவிட்டார். அதனால்தான் அண்ணன் பேர் அப்படி, தங்கச்சி பேர் இப்படி. அம்மாவுக்கு சபையில் எஸ்தர் என்று பேர். தெருவில் இன்றைக்கும் எல்லம்மாதான். அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் உழைத்து கோபியை சென்னையில் ஜியாலஜி படிக்க வைத்தார். படிப்பு முடித்து வந்த பையனை பாஸ்டர் வாலிபர் கூட்டத்தில் பேசச் சொன்னார். கோபி எழுந்து, "நம்ம ஆலங்காயம் பக்கத்துப் பாறைங்களுக்கு வயசு இருநூத்தம்பது கோடி வருஷம். ஆதியாகமத்துல வர்ற நாள் நம்ம காலண்டர் நாளா இருக்க முடியாது" என்றான். அவன் பெருமையாகத்தான் சொன்னான். பாஸ்டருக்கு முகம் கறுத்துப்போனது. அடுத்த ஞாயிறு சபைக்கு முன்னால் நின்று, சொன்னது தப்பு என்று சொல்லும்படி கேட்டார். கோபி மாட்டேன் என்றான். அந்த மாதம் அவனுக்கு மட்டும் ராப்போஜனத்தின் அப்பமும் ரசமும் கொடுக்கவில்லை. அதற்குப்பிறகு அவன் சபைப் பக்கம் வரவில்லை. பெல்லாரியில் இரும்புத்தாது பார்க்கும் கம்பெனி ஒன்றில் வேலைக்குப் போய்விட்டான்.

அப்பா செத்தபோது வந்தான். அப்புறம் எப்போதாவது வருவான், காலையில் வந்து சாயங்காலம் கிளம்பிவிடுவான். எல்லம்மா அவனை வெறுக்கவில்லை. அதுதான் கஷ்டம். டாக்டர் கைவிட்ட நோயாளியைப் பார்ப்பதுபோல அவனைப் பார்ப்பாள். தட்டில் சோறு போட்டு வைத்துவிட்டு உள்ளே போய் முழங்கால் போடுவாள். என் பிள்ளை நரகத்துக்குப் போவக்கூடாது ஆண்டவரே என்று அவள் அழுவது அவன் சாப்பிடும் இடத்துக்குக் கேட்கும்.

இந்தத் தடவை கோபி லீவு போட்டு வந்திருந்தான். எல்லம்மாவுக்கு வேலூரில் கண் ஆபரேஷன் நடந்திருந்தது. கறுப்புக் கண்ணாடியும் சொட்டு மருந்துமாக இருந்தவள், கன்வென்ஷனுக்குப் போயே தீருவேன் என்று நின்றாள். இருட்டில் அவளைத் தனியாக அனுப்ப முடியாது. மெர்சி மேடையில் இருப்பாள். வேறு வழியில்லாமல் கோபிதான் பைக்கில் கூட்டிக்கொண்டு போனான். கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பிவிடலாம் என்று பார்த்தான். எல்லம்மா கையை விடவில்லை. "படி தடுக்குதுடா, கூட வா" என்றாள். அப்படித்தான் அவன் மூன்றாம் வரிசையில், அம்மாவுக்குப் பக்கத்து சேரில் உட்கார்ந்தான்.

மேடையிலிருந்து அவனைப் பார்த்ததும் மெர்சி மைக்கை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

முதல் அரைமணி ஒன்றும் ஆகவில்லை. பிரதர் ஆல்வின் நல்ல மாதிரி. நிதானமாகப் பேசினார், வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்தி அவளுக்கு இடம் கொடுத்தார். திரையில் நட்சத்திரம், கடல், பறவை என்று படங்கள் வந்தன. நாள் என்றால் நாள்தான், இருபத்துநாலு மணி நேரம்தான், பைபிள் வம்ச வரலாறுகளில் வரும் வயதுகளைக் கூட்டினால் பூமிக்கு ஆறாயிரம் வருஷத்துக்குமேல் வராது என்றார். மெர்சி அதை அப்படியே சொன்னாள். கோபி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இவ்வளவுதான் என்றால் தப்பித்தோம் என்று நினைத்தாள்.

அப்போதுதான் அவர் குரல் ஏறியது. மேடை விளிம்புக்கு வந்து, கையை நீட்டிச் சொன்னார். பூமிக்குக் கோடிக்கணக்கான வயது என்று சொல்கிறவன் கடவுளைப் பொய்யர் என்கிறான், அவனுக்குப் பரலோகத்தில் இடமில்லை, அவன் உங்கள் வீட்டிலேயே, உங்கள் பக்கத்திலேயே இருந்தாலும் சரி.

சொல்லிவிட்டு மெர்சியைப் பார்த்தார். கூட்டம் மெர்சியைப் பார்த்தது. கறுப்புக் கண்ணாடி போட்ட எல்லம்மா முகத்தை நிமிர்த்தி, மகள் வாயிலிருந்து என்ன வருமோ என்று காத்திருந்தாள். அவள் கை கோபியின் சட்டைக் கையைப் பிடித்திருந்தது.

மெர்சி யோசிக்கவில்லை. கம்பெனியில் வருவதுபோலத் தானாக வந்தது. "பூமிக்கு வயசு எவ்ளோன்னு தேடிப் போறவங்களும் தேவன் செஞ்ச வேலையைத்தான் தேடிப் போறாங்க. அவங்க உங்க வீட்டுலயே, உங்க பக்கத்துலயே இருந்தாலும் அவங்களுக்காக ஸ்தோத்திரம் பண்ணுங்க."

"ஸ்தோத்திரம்!" என்று முதலில் கத்தியது எல்லம்மாதான். கூட்டமும் சேர்ந்துகொண்டது. பிரதர் ஆல்வின், தான் சொன்னதற்குத்தான் இந்த எழுச்சி என்று நினைத்து, கண்ணை மூடித் தலையாட்டினார். பாஸ்டர் தனராஜ் அந்த நேரம் பார்த்து பந்தலுக்குப் பின்னால் ஜெனரேட்டர்காரனிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். கோபி மட்டும் தலையைத் தூக்கி மெர்சியையே பார்த்தான். அதற்குமேல் கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்று அவளுக்கு நினைவில்லை. வாய் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் எல்லம்மா புடவையைக்கூட மாற்றவில்லை. நேரே அடுப்படிக்குப் போய், தடவித் தடவி தோசைக்கல்லை வைத்தாள். "நீ உக்காரு, நான் ஊத்தறேன்" என்றாள் கோபியிடம். உதவிக்குப் போன மெர்சியை விரட்டிவிட்டாள். தோசையை அவளே கொண்டுவந்து தட்டில் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, அவன் தலையிலும் கன்னத்திலும் கையை வைத்துப் பார்த்தாள். "இளைச்சிப்போய்ட்டியேடா" என்றாள். "எங்கியோ மும்பையிலேர்ந்து வந்தவரு, நம்ம வீட்டைப் பாத்த மாரி சொல்றாரு பாரு. ஆண்டவரு சொல்லாம அந்த வார்த்த வருமா? நான்தான் இத்தினி வருஷம் புரியாம கெடந்தேன்." பிறகு ஆலங்காயத்திலிருக்கும் தன் தங்கைக்கு போன் போடச் சொல்லி, அதே வார்த்தையை அவளுக்கும் சொன்னாள். கோபி குனிந்த தலை நிமிராமல் தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

கை கழுவும் இடத்தில் மெர்சி அவனைப் பிடித்தாள். "அண்ணா..."

"எனக்கு இங்கிலீஷ் தெரியும்னு மறந்துட்டியா?" என்றான் மெதுவாக.

"வாயில வரலண்ணா. அம்மா மூஞ்ச பாத்ததும்..."

"சரி, விடு."

"காலையில அம்மாகிட்ட சொல்லிடட்டுமா?"

அவன் குழாயை மூடினான். ஒரு வார்த்தையை மாற்றிச் சொல்ல மாட்டேன் என்று சபையையே விட்டுப்போனவன் அவன். சொல்லிடு என்றுதான் சொல்வான் என்று மெர்சி நினைத்தாள்.

"சொல்லாத" என்றான். "நான் ஊருக்குப் போற வரைக்குமாவது சொல்லாத."

மறுநாள் காலை டீ நேரத்துக்குள் அந்த வீடியோ மெர்சியின் போனுக்கே வந்துவிட்டது. கூட்டத்தை சபைப் பையன்கள் யூடியூபில் நேரலை விட்டிருந்தார்கள். யாரோ அந்தத் துண்டை மட்டும் வெட்டி, அவர் சொன்னது ஒன்று, அம்மணி சொன்னது ஒன்று என்று எழுதி வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டிருந்தார்கள். மெர்சி அதை இரண்டு தடவை ஓடவிட்டாள். தன் குரலைத் தானே கேட்டாள். எவ்வளவு தயங்காமல் சொல்லியிருக்கிறாள்! நடுக்கம்கூட இல்லை.

பதினோரு மணிவாக்கில் பாஸ்டர் போன் வந்தது.

"மெர்சி, நான் ஒண்ணும் கோவமா பேசலம்மா" என்று ஆரம்பித்தார். கோபமாகத்தான் இருந்தது. "உன்ன நம்பித்தானே மைக்கை குடுத்தோம்? வசனத்தைக் கூட்டவும் கூடாது கொறைக்கவும் கூடாது. இன்னிக்கி கூட்டம் ஆரம்பிக்கறப்போ நீயே மேடையில ஏறி, நேத்து மாத்திச் சொல்லிட்டேன், பிரதர் சொன்னது இதுன்னு சொல்லி, மன்னிப்பு கேட்டுடு. நீ சொல்லலன்னா நான் சொல்ல வேண்டி வரும். நான் சொன்னா நல்லா இருக்காது."

"பிரதர் ஆல்வினுக்குத் தெரியுமா பாஸ்டர்?"

"சொல்லிட்டேன். ரொம்ப வருத்தப்பட்டாரு."

அன்றைக்கு அவளுக்கு வேலை ஓடவில்லை. ஜெர்மனிக்காரருக்குப் போக வேண்டிய மெயிலை இத்தாலிக்காரருக்கு அனுப்பிவிட்டாள். "இன்னாம்மா, மூஞ்சே பேஜாரா கீது?" என்று கேட்டார் முஸம்மில். தலைவலி என்று சொல்லிவிட்டு சீக்கிரமே கிளம்பினாள். ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்து, அம்மாவிடம் எப்படி ஆரம்பிப்பது என்று ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லிப் பார்த்தாள். பெரிய பெரிய ஆட்களின் கோபத்தையெல்லாம் பதமாக மாற்றிச் சொல்லத் தெரிந்தவளுக்கு, இதைப் பதமாகச் சொல்ல ஒரு வழியும் தெரியவில்லை. மேடையில் ஏறும்வரை சும்மா இருந்துவிடலாமா என்றும் தோன்றியது. முந்நூறு பேருக்கு நடுவில் அம்மா அதைக் கேட்கிற காட்சி கண்ணுக்கு முன்னால் வந்தது.

வீட்டில் எல்லம்மா அப்போதே குளித்து, வெள்ளைப் புடவை கட்டித் தயாராக இருந்தாள். பக்கத்து வீட்டு தில்ஷாத்தை உட்கார வைத்து நேற்றைய பிரசங்கத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். தில்ஷாத் போகும்வரை மெர்சி வாசலிலேயே நின்றாள். கோபி உள்ளே சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான்.

"அம்மா, நேத்து அந்த பிரதர் அப்டி சொல்லல."

"எப்டி?"

"ஸ்தோத்திரம் பண்ணுங்கன்னு. அது அவர் சொல்லல."

"பின்ன யாரு சொன்னது?"

"நான்."

எல்லம்மா கழற்றக்கூடாது என்று டாக்டர் சொன்ன கண்ணாடியைக் கழற்றினாள். கண் சிவந்து நீர் கோத்திருந்தது. "அவரு இன்னா சொன்னாரு?"

மெர்சி சொன்னாள். முழுசாகச் சொன்னாள். உள்ளே இஸ்திரிப்பெட்டி சத்தம் நின்றுபோனது.

எல்லம்மா அழுவாள், கத்துவாள் என்று மெர்சி பயந்தாள். அவள் அப்படிச் செய்யவில்லை. மகள் முகத்தைப் பார்த்து, "எது வரைக்கும் அவரு, எதுலேர்ந்து நீ?" என்று கேட்டாள்.

"அந்த ஒரு எடத்துல மட்டும்தாம்மா."

"போன வருஷம் ஒருத்தரு வந்து, அவரு பொண்டாட்டிக்கு கேன்சர் சரியாச்சின்னு சாட்சி சொன்னாரே, அது?"

"அது அவர் சொன்னதுதான்."

"எனக்கு எப்டிடி தெரியும்?" என்றாள் எல்லம்மா. "இத்தினி வருஷமா ஆண்டவர் பேசறாருன்னு உன் வாயத்தானே பாத்துனு இருந்தேன்."

கூட்டத்துக்குப் போக வேண்டாம் என்று கோபி சொல்லிப் பார்த்தான். அவள் கேட்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பைக் பக்கத்தில் போய் நின்றுவிட்டாள்.

பந்தலில் முதல்நாளைவிடக் கூட்டம் அதிகமாக இருந்தது. வீடியோ செய்த வேலை. பிரதர் ஆல்வின் மேடையில் உட்கார்ந்திருந்தார். மெர்சி வணக்கம் சொன்னதற்குத் தலையை மட்டும் அசைத்தார். பாட்டு முடிந்ததும் பாஸ்டர் அவளைக் கைகாட்டினார். மெர்சி மைக்கை எடுத்தாள்.

"நேத்து பிரதர் சொன்ன ஒரு விஷயத்த நான் மாத்திச் சொல்லிட்டேன்" என்றாள். "அவர் சொன்னது இது." அந்த வாக்கியத்தை ஒரு சொல் விடாமல் சொன்னாள், பரலோகத்தில் இடமில்லை என்பதை, உங்கள் வீட்டிலேயே இருந்தாலும் சரி என்பதை. "நேத்து நீங்க கேட்டது என் சொந்த வார்த்த. அவருக்கு அதுல சம்பந்தம் இல்ல. என்னை மன்னிச்சிடுங்க."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. பாஸ்டர் மைக்குக்காகக் கையை நீட்டினார். அதற்குள் மூன்றாம் வரிசையில் எல்லம்மா எழுந்துவிட்டாள். சேர்களைப் பிடித்துக்கொண்டு, கோபி பிடிக்க வந்த கையைத் தட்டிவிட்டு, மேடைக்குக் கீழே வந்து நின்றாள்.

"அவரைக் கேளு" என்றாள் மெர்சியிடம். மைக் இல்லாமலே அவள் குரல் பந்தல் முழுக்கக் கேட்டது. "என் மவன் நரகத்துக்குப் போவானான்னு கேளு. தோ நிக்கறான். பாத்துட்டு சொல்லச் சொல்லு."

"எஸ்தரம்மா, கூட்டம் முடிஞ்சி தனியா பேசிக்கலாம்" என்றார் பாஸ்டர்.

"எல்லாருக்கும் கேக்கற மாரிதானே சொன்னாரு பாஸ்டர்? எனக்கும் அப்டியே சொல்லட்டும்."

மெர்சி அந்தக் கேள்வியை இங்கிலீஷில் சொன்னாள். பிரதர் ஆல்வின் எழுந்து முன்னால் வந்தார். கறுப்புக் கண்ணாடி போட்ட அம்மாவைப் பார்த்தார். பின்னால் வந்து நின்ற கோபியைப் பார்த்தார். ஆமாம் என்று அவர் சொன்னால் அதையும் மெர்சிதான் சொல்ல வேண்டும், பெற்றவளிடம், அவள் முகத்தைப் பார்த்து.

அவர் மெதுவாகப் பேசினார். இவரை எனக்குத் தெரியாது என்றார். பூமியைப் பற்றி இவர் நம்புவது தவறு என்றுதான் இப்போதும் சொல்வேன், ஆனால் இவர் எங்கே போவார் என்று எனக்குத் தெரியாது, அதைச் சொல்ல எனக்கு அதிகாரமும் இல்லை, நேற்று நான் அளவுக்குமீறிப் பேசிவிட்டேன், இந்த அம்மாவிடம் அதைச் சொல்லுங்கள் என்றார்.

மெர்சி வாயைத் திறந்தாள், திறந்தபடி நின்றுவிட்டாள். இதை யார் நம்புவார்கள்? இன்றைக்கும் அவளே இட்டுக்கட்டுகிறாள் என்றுதானே நினைப்பார்கள்? இருந்தாலும் சொன்னாள், ஒவ்வொரு வார்த்தையாக, கூட்டாமல் குறைக்காமல்.

நினைத்தபடியே பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். எல்லம்மா அசையவில்லை. "இது அவரு சொன்னதா, நீ சொன்னதா?"

"அவர் சொன்னதும்மா. சத்தியமா."

எல்லம்மா பாஸ்டரைப் பார்த்தாள். பாஸ்டருக்கு இங்கிலீஷ் நன்றாகவே தெரியும். அவர் பைபிளைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"அவர் சொன்னதுதாம்மா" என்றான் கோபி பின்னாலிருந்து. "நீ கேட்டது அப்டியே அவர் சொன்னது. நான் தப்புன்னும் சொன்னாரு, அதையும் மெர்சி விடல."

எல்லம்மா மகன் பக்கம் திரும்பினாள். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "இவன் சொன்னா நம்பலாம்" என்றாள். "இவனுக்கு மாத்திப் பேச வந்திருந்தா இன்னிக்கும் சபையிலயே இருந்திருப்பான்."

நேற்று ராத்திரி கோபி மெர்சியிடம் என்ன கேட்டான் என்பது மெர்சிக்கும் அவனுக்கும்தான் தெரியும். அவன் தங்கையைப் பார்க்கவில்லை.

"தெரியாதுன்னா சொல்றாரு?" என்று எல்லம்மா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "அவருக்கே தெரியாதா?" பெரிதாக மூச்சு விட்டாள். கோபியின் கையைப் பிடித்து, "வா, போலாம். கண்ணு எரியுது" என்றாள்.

அன்றைய கூட்டத்துக்கு மெர்சி மைக்கைப் பிடிக்கவில்லை. காட்பாடியிலிருந்து வந்திருந்த ஒரு கல்லூரி வாத்தியார் மொழிபெயர்த்தார். மூன்றாம் நாளும் அவர்தான். கூட்டம் முடிந்து போகும்போது பிரதர் ஆல்வின் மெர்சியிடம் ஒன்றே ஒன்று சொன்னார்: நீங்கள் செய்தது தவறு, ஏன் செய்தீர்கள் என்று இப்போது தெரிகிறது. ஞாயிறு பள்ளியையும் கொஞ்ச நாளைக்கு வேறு சிஸ்டர் பார்க்கட்டும் என்று பாஸ்டர் சொல்லியனுப்பினார். மெர்சிக்கு அது வலித்தது. சபைக்குள் நுழையும்போது தலைகள் திரும்புவது அதைவிட வலித்தது.

கம்பெனியிலும் அவளுக்குப் பழைய வேகம் வரவில்லை. பையர் கத்தினால், அவர் கத்தியதை எவ்வளவு சொல்வது, எவ்வளவு விடுவது என்று நாக்கு தடுமாறியது. "இன்னாம்மா, இன்னிக்கி நெஜத்தையே சொல்ற?" என்று முஸம்மில் ஒருநாள் திகைத்துப்போனார்.

எல்லம்மா மகளிடம் முன்போலப் பேச நாளானது. பால்காரர் வந்தார் என்று மெர்சி சொன்னாலும், "நெசமா?" என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்தாள். கோபி லீவை நீட்டித்துக்கொண்டான். அம்மாவும் பிள்ளையும் பூமியின் வயதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் அவன் சாப்பிடும்போது எல்லம்மா உள்ளே போய் முழங்கால் போடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து விசிறினாள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், கோபி அவளுக்குச் சொட்டு மருந்து போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது, எல்லம்மா மெர்சியைக் கூப்பிட்டாள். "அந்த மொத அதிகாரத்தை எடுத்து படி. இருக்கறத இருக்கறபடி படி."

மெர்சி படித்தாள். ஒளி உண்டானது, முதல் நாள். ஆகாயம், இரண்டாம் நாள். நிலமும் செடியும், மூன்றாம் நாள். சூரியனும் சந்திரனும், நாலாம் நாள்.

"நில்லு" என்றாள் எல்லம்மா, கண்ணை மூடியபடி. "சூரியன் எப்போ வந்துச்சி?"

"நாலாம் நாள்."

"அதுக்கு முன்னாடி மூணு நாள் சாயங்காலம் ஆச்சி, விடிஞ்சிச்சின்னு படிச்சியே. சூரியன் இல்லாம எப்டி விடிஞ்சிது?"

மெர்சி புத்தகத்தைப் பார்த்தாள். திரும்ப மேலே போய்ப் படித்துப் பார்த்தாள். அப்படித்தான் இருந்தது. கோபி ஏதோ சொல்ல வாயெடுத்தான். எல்லம்மா கையைக் காட்டி அவனை அடக்கினாள்.

"நீ சொல்லாத. நீ உன் கல்லு கதைய சொல்லுவ." மெர்சி பக்கம் முகத்தைத் திருப்பினாள். "உனக்குத் தெரியுமா?"

"தெரியலம்மா."

"இது நெசம்" என்றாள் எல்லம்மா. மூடிய கண்ணோரத்தில் மருந்து வழிந்தது. புடவைத் தலைப்பால் ஒற்றிக்கொண்டாள். "நாளைக்கி ஆராதனை முடிஞ்சதும் எழுந்து பாஸ்டரைக் கேக்கறேன். எல்லாருக்கும் கேக்கற மாரி."

மெர்சி கோபியைப் பார்த்தாள். அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. விடிந்தால் ஞாயிற்றுக்கிழமை. "அம்மா, அத..." என்று ஆரம்பித்தாள்.

"நீ படி" என்றாள் எல்லம்மா. "அஞ்சாம் நாள்."